இரத்த அழுத்தமும் நீர்ச் சிகிச்சையும்

காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். பல் நோவு வந்தால் இரவு உறக்கம் கெடும். இரத்தக் கொதிப்பு என்று நம் மக்கள் வழங்கும் உயர் இரத்த அழுத்தமோ தன் வரவை இவ்வாறு அறிவிப்பதில்லை. பல ஆண்டுகள் ஓசையின்றி உடலில் குடியிருந்து, ஒரு நாள் பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகக் கேடாகவோ வெளிப்படுகிறது. உலகில் 30 வயது முதல் 79 வயது வரை உள்ளவர்களில் சுமார் 130 கோடிப் பேருக்கு இது உள்ளதென்றும், அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே கட்டுப்பாட்டில் இருக்கிறதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுமிடங்களில், கணக்கு வேலை முடிந்தபின் உறுப்பினர்கள் நம்மிடம் பல செய்திகளையும் பேசுவது வழக்கம். அண்மைக் காலமாக அப்பேச்சில் அடிக்கடி அடிபடுவது நீர்ச் சிகிச்சை. வெந்நீரில் கால் வைத்தால் கொதிப்பு இறங்குமாமே, விடியற்காலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தால் மாத்திரை வேண்டாமாமே என்று கேட்கிறார்கள். நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் இவ்விஷயம் பற்றி மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து எழுதியவற்றைப் படித்துணர்ந்த அளவில், எதில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை இப்பாடத்தில் உறுப்பினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அழுத்தம் என்பது யாது?

விவசாய அன்பர்களுக்கு இதனை விளக்குவது எளிது. கிணற்று நீரை மோட்டார் குழாயில் தள்ளுகிறது. குழாய் அகலமாக இருந்தால் நீர் தாராளமாக ஓடும். அதே குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் சீறிப் பாய்வதோடு, பழைய மூட்டுகளில் கசிவும் காணும். உடலில் இதயமே மோட்டார், தமனிகளே குழாய்கள். இதயம் மிகுந்த வலுவோடு தள்ளினாலும், தமனிகள் சுருங்கினாலும், உப்பும் நீரும் உடலில் தேங்கி இரத்தத்தின் அளவு பெருகினாலும் அழுத்தம் உயரும். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் அளவு. அது தளரும்போது உள்ளது கீழ் அளவு. மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் எடுத்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காணுமாயின் அதனை உயர் இரத்த அழுத்தம் என்கிறார்கள்.

இதனை அளக்கக் கற்ற வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதில் இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியதைக் கண்டு, 1733 இல் அதை நூலாக வெளியிட்டார். மனிதருக்கு அம்முறை ஆகாதன்றோ! மேற்கையில் காற்றுப் பட்டை கட்டி அளக்கும் கருவியை இத்தாலியரான ரீவா ரோச்சி 1896 இல் அமைத்தார். காதில் குழாய் வைத்து ஓசை கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் குறிக்கும் முறையை ரஷ்ய மருத்துவரான கொரொட்காஃப் 1905 இல் கூறினார். இந்த ஆண்டுகளை உறுப்பினர்கள் நினைவில் இருத்துவது நலம், பின்னர் பயன்படும்.

ஒரு விவசாயியும் ஒரு நெசவாளியும்

ஐரோப்பாவில் நீர்ச் சிகிச்சையைப் பரப்பிய இருவர் நம் இதழின் வாசகர்களுக்கு உறவினர் போன்றவர்கள். ஒருவர் வின்சென்ஸ் பிரீஸ்நிட்ஸ். இன்றைய செக் நாட்டின் மலைப் பகுதியில் உழவர் குடும்பத்தில் 1799 இல் பிறந்தவர். இளவயதில் வண்டி விபத்தில் விலா எலும்புகள் முறிந்தபோது ஈரத்துணிக் கட்டுகளால் தம்மைத் தேற்றிக்கொண்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. மற்றவர் செபாஸ்டியன் நைப். ஜெர்மனியின் பவேரியாவில் ஏழை நெசவாளி ஒருவரின் மகனாக 1821 இல் பிறந்து, தாமும் தறியில் உழைத்து, பின்னர் பாதிரியாரானவர். இளமையில் காசநோய் கண்டபோது குளிர்காலத்து டான்யூப் ஆற்றில் முழுகி எழுந்து உடல் தேறினார். அவருடைய நீர்ச் சிகிச்சை நூல் 1886 இல் வெளிவந்தது. பின்னர் லீப்சிக் நகரத்து லூயி கூனே என்பவர் பரப்பிய தொட்டிக் குளியல் நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்தது.

இவர்கள் பல நோயாளிகளுக்கு ஆறுதல் அளித்தவர்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரீஸ்நிட்ஸ் 1851 இல் காலமானார். நைப் 1897 இல் காலமானார். கைப்பட்டைக் கருவி வந்ததோ அதற்கு முந்தைய ஆண்டில். ஆகவே அவர்கள் நோயாளிகளுக்கு நீராட்டிய காலத்தில் இரத்த அழுத்தம் இன்று போல் அளக்கப்படவே இல்லை. இரத்தக் கொதிப்பை நீரால் தீர்த்தார்கள் என்று அவர்கள் பெயரால் இன்று சொல்லப்படுவது, பிற்காலத்தார் ஏற்றிய சுமையே ஆகும்.

நம் நாட்டில் இச்சிகிச்சையில் பெரும் நம்பிக்கை கொண்டவர் காந்தியடிகள். கூனேயின் தொட்டிக் குளியலைத் தாமே கைக்கொண்டு, பிறருக்கும் செய்து, 1942 இல் ஆகாகான் மாளிகைச் சிறைவாசத்தில் எழுதிய ஆரோக்கிய நூலிலும் அதை விவரித்தார். 1946 இல் புனாவுக்கு அருகே உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையம் கண்டார். அவருக்கே இரத்த அழுத்தம் மிகுதியாக இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 இல் வெளியிட்ட குறிப்புகளின்படி, 1940 பிப்ரவரியில் அவருடைய அளவு 220க்கு 110. நீரிலும் மண்ணிலும் அத்தனை நம்பிக்கை வைத்திருந்த அவரும் அக்காலத்தில் சர்ப்பகந்தா என்ற வேரின் மருந்தை உட்கொண்டார். அம்மூலிகை இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949 இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதியபின் உலகம் அறிந்தது. 1952 இல் அதன் சத்து தனியே பிரிக்கப்பட்டு மாத்திரையாயிற்று. இன்று அதனினும் தீங்கு குறைந்த மாத்திரைகள் வந்துவிட்டன. ஆதலால் எவரும் அவ்வேரைத் தாமே வாங்கி அரைத்துக் குடிக்க முற்படலாகாது.

வெந்நீர் செய்வது என்ன?

நீருக்கு இரத்த அழுத்தத்தின் மீது ஆற்றல் உண்டா என்றால், உண்டு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலை முழுகியவர் உண்டபின் கண் சொருகிச் சாய்வதை எல்லா வீட்டிலும் கண்டிருக்கிறோம். வெப்பம் பட்டதும் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. குழாய் அகன்றால் அழுத்தம் தாழ்வது முன்னர்க் கூறிய கணக்கே. கால்களை மட்டும் சூடான நீரில் வைத்தாலும் உடலின் மற்றப் பகுதிகளில்கூடக் குழாய்கள் ஓரளவு தளர்கின்றன, மனமும் அமைதியடைகிறது.

கழுத்தளவு நீரில் அமர்வது இன்னும் வியப்புக்குரியது. சுற்றியுள்ள நீர் உடலை அழுத்துவதால் கால்களிலும் வயிற்றிலும் தங்கிய இரத்தத்தில் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் மார்பை நோக்கி நகர்கிறது. இதயத்தின் மேலறைகள் நிறைந்து விரிகின்றன. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று கருதிய இதயம் ஒரு சுரப்பு நீரை வெளிவிட, சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. குளத்தில் நெடுநேரம் நின்ற சிறுவர்கள் சிறுநீர் கழிக்க ஓடுவதன் காரணம் இதுவே. டாக்டர்கள் தரும் நீர் பிரியும் மாத்திரையும் சிறுநீரகத்தைக் கொண்டே உப்பை வெளியேற்றுகிறது. மாத்திரை அதனை நாள் முழுவதும் செய்யும், குளியல் குளிக்கும் நேரத்தில் செய்யும்.

அயல்நாட்டு ஆராய்ச்சிகள் சிலவற்றையும் குறிப்பிடலாம். பிரேசிலில், பல மாத்திரைகள் உண்டும் அழுத்தம் குறையாத 32 பேரில் ஒரு பகுதியினரை 30 முதல் 32 டிகிரி வெப்பமுள்ள குளத்தில் வாரம் மூன்று முறை, ஒரு மணி நேரம் வீதம், 12 வாரங்கள் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். 2014 இல் வெளியான அதன் முடிவில், பயிற்சி செய்தவர்களுக்கு 24 மணி நேரமும் எடுத்த அளவுகளே நன்கு குறைந்திருந்தன. அமெரிக்காவில் 50 வயது கடந்தவர்கள் 12 வாரம் நீந்தியதில் மேல் அளவு 131 இலிருந்து 122 ஆயிற்று என 2012 இல் வெளியிட்டார்கள். பின்லாந்து நாட்டார் சூடான அறையில் வியர்த்துக் குளிப்பதில் பெருவிருப்பம் உடையவர்கள். அங்கு 1,621 ஆடவரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வாரத்தில் நான்கு முதல் ஏழு நாள் அவ்வாறு குளித்தவர்களுக்கு, ஒரு நாள் குளித்தவர்களைவிட உயர் அழுத்தம் தோன்றியது ஏறத்தாழப் பாதியளவே என்று 2017 இல் எழுதினார்கள். இங்கே நாம் ஒரு கேள்வி எழுப்ப வேண்டும். வாரம் ஏழு நாளும் வியர்வைக் குளியலுக்கு நேரமும் உடல் வலுவும் உள்ளவர் முன்னரே நலமுடையவராகவும் இருக்கலாம் அல்லவா? இத்தகைய கணக்கெடுப்பினால் குளியலே காரணம் என்று அறுதியிட முடியாது. பிரேசிலிலும் அமெரிக்காவிலும் கிடைத்த பயனில் பெரும்பங்கு நீருக்குள் செய்த உழைப்புக்கு உரியது என்பதே நமது கருத்து. கிணற்றிலோ ஆற்றிலோ நீந்தத் தெரிந்தவர், டாக்டரின் சம்மதத்துடன் அதனைத் தொடர்வது மிக நன்று.

ஒரு நாள் இருப்பும் ஆண்டுக் கணக்கும்

ஒரு நெசவாளர் சங்கத்தில் கூலிப் பட்டுவாடாப் பதிவேட்டைப் பார்வையிட்டபோது, பல ஆண்டுகள் வாரந்தோறும் தவறாது கூலி பெற்ற ஓர் உறுப்பினரின் பெயருக்கு நேரே ஐந்து மாதமாக ஒன்றும் எழுதப்படாதிருந்தது. தறி ஓடவில்லை என்றார் எழுத்தர். காரணம் அறிய அவர் இல்லம் சென்றோம். அவருக்கு இரத்த அழுத்தம் 170க்கு 100 இருந்து, மாத்திரை உண்டு வந்தார். யாரோ சொல்லக் கேட்டு மாலைதோறும் வெந்நீரில் கால் வைத்து, அயல் வீட்டிலிருந்த கருவியால் அளந்தும் பார்த்தார். 130க்கு 84 காட்டியது. மூன்று முறை அவ்வாறே காட்டவும், நோய் தீர்ந்ததென்று மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்காம் மாதம் ஒரு விடியலில் குழித்தறியில் அமர்ந்தவரின் வலக்கை நாடாவை இழுக்கவில்லை. வாய் கோணிற்று. இன்று எழுந்து நடக்கிறார், நெசவு இல்லை. அவர் மனைவி அண்டை வீட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றிக் குடும்பம் நடத்துகிறார். அளவு குறித்த காகிதத்தை அவ்வம்மையார் நமக்குக் காட்டினார். மூன்று அளவுகளும் கால் குளியல் முடிந்து கால் மணிக்குள் எடுத்தவை.

பிழை அங்கேதான் நேர்ந்தது. வெந்நீரால் விரிந்த குழாய்கள் மீண்டும் சுருங்கப் பல மணி நேரம் ஆவதில்லை. மாலை ஏழு மணிக்கு 130 காட்டிய உடல், நள்ளிரவில் எத்தனை, விடியற்காலையில் எத்தனை என்பதை அக்காகிதம் கூறவில்லை. பக்கவாதமும் மாரடைப்பும் காலை நேரத்தில் மிகுதியாக நிகழ்கின்றன என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அந்நேரத்தை யார் அளந்தார்கள்? அறுவடைப் பணம் வரவான நாளின் ரொக்க இருப்பை மட்டும் எண்ணிவிட்டு, சங்கம் லாபத்தில் நடக்கிறது என்று ஒரு செயலாளர் பேரவைக்கு அறிக்கை தந்தால் எந்த உறுப்பினரும் ஒப்ப மாட்டார். ஐந்தொகை எங்கே என்று கேட்பார். தம் உடலின் கணக்கில் மட்டும் ஒரு நாள் இருப்பைக் கண்டு மகிழ்வது ஏனோ?

மாத்திரையைத் திடீரென நிறுத்துவதால் அழுத்தம் பழைய அளவுக்குத் திரும்பும். சில வகை மாத்திரைகளை நிறுத்தினால் முன்னிருந்ததைவிட மிகுதியாகவும் எழும். குறைப்பதோ நிறுத்துவதோ வேண்டுமாயின் அது அளவுகளைப் பார்த்து டாக்டர் செய்ய வேண்டிய வேலை.

குளிர்ந்த நீர்

வெந்நீருக்கு நேர்மாறானது குளிர்ந்த நீர். தோலில் குளிர் தாக்கியதும் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. இதைக்கொண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை அறிஞர்கள் ஹைன்ஸ், பிரவுன் என்பவர்கள் 1932 இல் ஒரு சோதனையே அமைத்தார்கள். பனிக்கட்டி நீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் செய்து அழுத்தம் எவ்வளவு ஏறுகிறதென்று பார்ப்பார்கள். ஆகவே குற்றாலத்து அருவியில் தலை கொடுப்பதும், மார்கழி விடியலில் குளிர்ந்த குளத்தில் சட்டென முழுகுவதும், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவருக்கும் இதய நோயாளிக்கும் ஆபத்தானவை. சிறுகச் சிறுகக் காலிலிருந்து நனைத்துப் பழகுவது நம் முன்னோர் வழக்கம். அவ்வழக்கில் பொருள் உண்டு.

வெந்நீரிலும் அளவு மீறலாகாது. ஜப்பானியர் நாள்தோறும் ஆழ்ந்த தொட்டியில் 40 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் அமர்பவர்கள். அங்கு ஏறத்தாழ 30,000 பேரை 1990 முதல் கவனித்ததில், நாள்தோறும் தொட்டியில் குளித்தவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்ததென 2020 இல் எழுதினார்கள். அதே நாட்டில்தான் குளிர்காலத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான முதியோர் வீட்டுக் குளியல் தொட்டியிலேயே உயிரிழக்கின்றனர். குளிர்ந்த அறையில் ஆடை களைந்தபோது ஏறிய அழுத்தம், சுடுநீரில் இறங்கியதும் சரிந்து, மயக்கம் வந்து மூழ்கிவிடுகிறார்கள்.

குடிக்கும் நீர்

விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் நீர் குடித்தால் இரத்தக் கொதிப்பு அகலும் என்று அச்சிட்ட துண்டுத் தாள்கள் நீண்ட காலமாக ஊர் ஊராக வழங்குகின்றன. இதற்கு ஆராய்ச்சிச் சான்று எதையும் நாம் காணவில்லை. அதற்கு மாறாக, அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சுமார் அரை லிட்டர் நீரை ஒரே மூச்சில் பருகிய நலமுள்ள முதியோருக்கு மேல் அளவு 11 புள்ளி ஏறியது; நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்கு 30 புள்ளிக்கு மேல் ஏறியது. எழுந்து நின்றால் அழுத்தம் சரிந்து மயங்குவோருக்கு இதையே மருந்தாகச் சொல்கிறார்கள். வெயிலில் உழைப்பவர் தாகத்துக்குக் குறைவின்றி நீர் பருக வேண்டும். தறியில் அமர்ந்தவர் எழ மனமின்றித் தாகத்தை அடக்கவும் கூடாது. இவையெல்லாம் உடல் நலத்துக்கு. கொதிப்புக்கு மருந்தாக லிட்டர் கணக்கில் குடிப்பது வேறு. சிறுநீரக நோயும் இதயத் தளர்ச்சியும் உள்ளவர்களுக்கு அது பெருந்தீங்கு.

குடிநீரைப் பற்றி நாம் உண்மையிலேயே அஞ்ச வேண்டியது அதன் உப்பைப் பற்றித்தான். இவ்விஷயத்தைச் சற்று விரித்தே கூற வேண்டும். நாளொன்றுக்கு ஒருவர் 5 கிராமுக்கு மேல் உப்பு உண்ணலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலுள்ள சோடியம் 2 கிராம். நீரில் லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் சோடியம் சேர்ந்த பின்னரே நாக்கு உவர்ப்பை உணரத் தொடங்குகிறது. உவர்ப்பு இலேசாகத் தெரியும் அந்நீரைக் கோடையில் வயலில் உழைப்பவர் ஒரு நாளில் 5 லிட்டர் பருகுகிறார் என்று கொள்வோம். 1,000 மில்லிகிராம் சோடியம், அதாவது இரண்டரை கிராம் உப்பு, சோற்றில் கை வைக்கும் முன்னரே உள்ளே சென்றுவிட்டது. நாளின் அளவில் பாதி தீர்ந்தது. அதன்மேல் நீராகாரத்தில் ஒரு சிட்டிகை, குழம்பில் உள்ளது, ஊறுகாயில் உள்ளது, கருவாட்டில் உள்ளது என்று கணக்கிட்டால் வரவு எங்கே போய் நிற்கும்?

வங்காள தேசத்தின் கடலோரத்தில் கடல்நீர் ஏறிய குளங்களையும் கிணறுகளையும் மக்கள் குடிநீராகக் கொள்கிறார்கள். அங்குள்ள டாகோப் என்ற பகுதியில், நீரின் உப்பு மிகும் வறண்ட மாதங்களில் கருவுற்ற மகளிருக்கு இரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்பட்டதென 2011 இல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. எல்லா உவர்நீரும் ஒரே தன்மையதன்று. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த நீரில் முடிவு மாறியும் வந்திருக்கிறது. ஆனால் சோடியம் மிகுந்த நீரைக் குடிப்பது நன்றன்று என்பதில் கருத்து வேறுபாடில்லை.

இங்கு நெசவாளரும் விவசாயியும் ஒரே கிணற்றின் இரு கரையில் நிற்கிறார்கள். பருத்தி நூலுக்குச் சாயம் பற்றுவதற்கு உப்பு மிகுதியாகச் சேர்க்கிறார்கள். சுத்திகரிக்காத சாயக் கழிவு ஆற்றில் கலந்தால் அந்த உப்பு வழியிலுள்ள கிணறுகளுக்குச் செல்லும். நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டி 1992 இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ப் பகுதிச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும் யாவரும் அறிந்தவை. கடலோர ஊர்களிலும், சாயப் பட்டறைகள் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள உறுப்பினர்கள் தம் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். மாலையில் கால் குளியல் செய்துவிட்டுப் பகலெல்லாம் உவர்நீர் பருகுபவர், ஒரு மடையை அடைத்து மறு மடையைத் திறந்து வைத்தவராவார்.

செய்ய விரும்புவோர்க்கு

மாத்திரையைத் தொடர்ந்து உண்டுகொண்டு, அதற்குத் துணையாகக் கால் குளியலை மேற்கொள்ளலாம். தவறில்லை, நல்ல உறக்கமும் தரும். அகன்ற வாளியிலோ அண்டாவிலோ கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் வரும்படி நீர் எடுத்துக்கொள்க. சாயம் காய்ச்சும் பாத்திரம் கூடவே கூடாது. சூடு 40 டிகிரி போதும். வெப்பமானி இல்லாதவர் முழங்கையை நீரில் வைத்துப் பார்க்க வேண்டும். முழங்கை தாங்காத சூட்டில் காலை வைக்கலாகாது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். கால் வெந்துபோனாலும் தெரியாது. அவர்கள் வீட்டிலுள்ள மற்றவரைக் கொண்டு சூடு பார்த்த பின்னரே வைக்க வேண்டும். பாதத்தில் புண் இருப்பின் வேண்டவே வேண்டாம். பத்து முதல் பதினைந்து நிமிடம் போதுமானது. மாத்திரை உண்பவர் எழும்போது மெல்ல எழுக; மாத்திரையும் வெந்நீரும் சேர்ந்து அழுத்தத்தைச் சட்டெனத் தாழ்த்தித் தலை சுற்றும். கழுத்தளவுத் தொட்டிக் குளியலைப் பயிற்சி பெற்ற இயற்கை மருத்துவரின் கண்காணிப்பில்லாமல் செய்யலாகாது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. அங்குச் செல்பவர்களும் தாம் உண்ணும் மாத்திரைகளின் பெயரை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அளவு எடுப்பது குளியலுக்கு முன்னர்தான் அமைய வேண்டும். காலையில் சிறுநீர் கழித்தபின், காப்பி அருந்துமுன், மாத்திரை உண்ணுமுன், நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாது அமர்ந்து, கையை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் வைத்து எடுக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் மறுமுறையும் எடுக்க வேண்டும். மாலையிலும் அவ்வாறே. ஒரு வாரம் எடுத்த அளவுகளின் சராசரியே பேசத்தக்கது. வீட்டில் எடுக்கும் அளவு 135க்கு 85க்குக் கீழ் இருப்பது விரும்பத்தக்கது. மேல் அளவு 180ஐத் தாண்டியதோடு நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, பேச்சுக் குழறலோ, ஒரு பக்கம் மரத்துப் போவதோ இருந்தால், தண்ணீரைத் தேடாமல் 108க்கு ஆள் அனுப்பாமல் உடனே தொலைபேசியிலேயே அழைக்க வேண்டும்.

மேற்கையில் கட்டும் மின்னணுக் கருவி ஒவ்வோர் உறுப்பினரும் வாங்கத்தக்கதன்று. ஆனால் ஒரு சங்கம் வாங்கத்தக்கது. துணைவிதிகளுக்கு உட்பட்டுப் பொதுநல நிதியிலிருந்து ஒன்றை வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்து, நூல் பெறவும் இடுபொருள் வாங்கவும் வருவோர் அளந்துகொள்ள ஏற்பாடு செய்தால், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் இயற்றலாம். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டு; தேதி, நேரம், மேல் அளவு, கீழ் அளவு, அன்று மாத்திரை உண்டதா இல்லையா என்று ஐந்து பத்தி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அவை விலையின்றிக் கிடைக்கின்றன. அங்குச் செல்லும்போது அந்நோட்டையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும். கால் குளியல் செய்த நாட்களை அதே நோட்டின் ஓரத்தில் ஒரு கோடிட்டுக் குறித்து வந்தால், மூன்று மாதம் கழித்து அதனால் பயன் உண்டா இல்லையா என்பதை டாக்டரும் உறுப்பினரும் ஒன்றாக அமர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.